சர்க்கரை ஏறியதற்கு விளக்கம்

நேற்று சாயங்காலம் முதல் இன்று காலை வரை நான் சாப்பிட்டது: இட்லி மூன்று, வேர்க்கடலைச் சட்னி, சர்க்கரை போடாத டீ ஒரு தம்ளர், வடிவுடையம்மன் கோயில் சர்க்கரைப் பொங்கல் ஒரு பெரிய தொன்னை. வேறு ஒன்றும் இல்லை.

அடைக்கலமேரி சிஸ்டர், நீங்கள் கேட்டதை எழுதிவிட்டேன். ஒரு தாள்தான் கொடுத்தீர்கள். மேஜைமேல் இருந்த தாள் கட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். எழுத்து பெரிதாக, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வலது கண்ணில் புரை நன்றாக விழுந்துவிட்டது. இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது. எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான், பெயர் வரதன். ஒரு போல்ட் காணாமல் போனாலும் எப்போது போனது, ஏன் போனது என்று எழுதிக் கொடுக்க வேண்டிய வேலை. அரைகுறையாக விளக்கம் எழுத எனக்கு வராது.

இன்று காலை நீங்கள் இரண்டு விஷயம் சொன்னீர்கள். ஒன்று, என் சர்க்கரை இருநூற்று எண்பத்தாறு, இப்படி இருந்தால் ஆபரேஷன் கிடையாது, அடுத்த மாதம் வாருங்கள் என்றீர்கள். அக்டோபரிலும் இதே கதை, நவம்பரிலும் இதே கதை, இது மூன்றாவது. என்னுடையது தினமும் அரை மாத்திரையில் அடங்கிக் கிடக்கிற சர்க்கரை. இரண்டு, ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் சொட்டு மருந்து போட யார் இருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அங்கம்மாவைக் காட்டினேன். முன்பு வார்டில் பார்த்த முகமோ என்று நீங்கள் அவளை உற்றுப் பார்த்தீர்கள். உள்ளே போய்ப் பழைய ஃபைல் ஒன்றைத் தூசி தட்டி எடுத்துவந்தீர்கள்.

"இந்தம்மா வேணாம் சார். அஞ்சு வருஷம் முன்னாடி இவங்க மருந்து போட்டுத்தான் இவங்க வீட்டுக்காரர் கண்ணு போயிருக்கு. ஃபைல்ல எழுதியே இருக்கு. வேற ஆளைப் பாருங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள். நல்ல மனசு உங்களுக்கு.

வேறு ஆள் கிடையாது சிஸ்டர். என் மனைவி போய் எட்டு வருஷம் ஆகிறது. மகள் ஓசூரில் இருக்கிறாள். அடுத்த மாதம் என்று நீங்கள் தள்ளினால் பொங்கல் போய்விடும். பொங்கலுக்கு முன்னால் எனக்குக் கண் வேண்டும். ஆகவே சர்க்கரை எப்படி ஏறியது, அங்கம்மாவின் கை எப்படிப்பட்டது, இரண்டையும் எழுதிவிடுகிறேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே விளக்கம்தான்.

அங்கம்மாவுக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான் அவள் வீட்டுக்காரன் செல்வம். என் தோஸ்து. காசிமேட்டில் மீன்பிடி லாஞ்ச் ஓட்டினவன். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே அடியில் கிடப்பது வஞ்சிரமா சங்கராவா என்று சொல்லுவான். அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு ஒருவன் கேரம் போர்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தால் எதிரில் இருப்பவன் கதி என்ன ஆகும்? எதிரில் இருந்தவன் நான்.

திருவொற்றியூர்க் குப்பத்தில் எங்கள் மன்றம் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நடுவில் ஒரு போர்டு, அதற்கு மேல் தாழ்வாகத் தொங்கும் ஒரு பல்பு. ஒவ்வொரு பொங்கலுக்கும் போட்டி நடக்கும். முதல் பரிசு எவர்சில்வர் குடம், இரண்டாம் பரிசு பிளாஸ்டிக் வாளி. செல்வம் வீட்டில் குடத்தை வைக்க இடம் இல்லாமல் அங்கம்மா அரிசி, பருப்பு, கருவாடு எல்லாவற்றையும் குடத்திலேயே கொட்டி வைத்திருந்தாள். என் வீட்டில் பதினேழு வாளி. "ஒண்ணுலயாவது ஓட்டை விழுதா பாரு, எல்லாமே புதுசாவே நிக்குது" என்று என் மனைவி கடைசிவரை சலித்துக்கொண்டாள்.

ஒவ்வொரு தடவையும் சிவப்புக் காயான ரெட்டைக் குழியில் போட்டு, அதைத் தொடர்ந்து ஃபாலோ காயையும் போட்டு முடித்த பிறகு, செல்வம் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவான். "இன்னா மாமு, வாளி போதுமா, கூடவே ஒரு சொம்பும் வாங்கித் தரட்டா?" மன்றமே சிரிக்கும். நானும் சிரிப்பேன். எனக்கு அவன்மேல் ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை. இந்த வரியை நீங்கள் வேண்டுமானால் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

தொண்ணூற்றெட்டில் அவனுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. "மாமு, பல்பைச் சுத்தி வானவில் கணக்கா கீதுடா. வெள்ளைக் காய் எது, பவுடர் எதுன்னே தெர்ல" என்றான். எங்கள் மன்றத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பார்வை மங்கியவர் ஆடும்போது எதிராளியே காய் இருக்கும் இடத்துக்கு நேராகச் சட்டத்தில் நகத்தால் தட்டிக் காட்ட வேண்டும். அந்தச் சத்தத்தை வைத்து அவர் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவார். எதிராளி தட்டுவதுதான் மரியாதை. வேறு யாராவது தட்டினால் சண்டை வந்துவிடும். ஆகவே செல்வத்துக்கு நான் தட்டினேன். ஒழுங்காகத்தான் தட்டினேன். தொண்ணூற்றொன்பது பொங்கலில் அந்த அரைக் கண்ணோடும் அவனே குடம் வாங்கினான். "யானை படுத்தாலும் குதிரை மட்டம்டா" என்று மன்றத்தில் எல்லோரும் அவனைத் தூக்கிக் கொண்டாடினார்கள். குதிரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த வருஷம் நான் ஒரு விரற்கடை தள்ளித் தட்டினேன்.

ஒரே ஒரு விரற்கடைதான். தராசு ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் படிக்கல் வைப்பதில்லையா? முப்பது வருஷம் அவனுக்கு மட்டும் கடவுள் நல்ல கண்ணைக் கொடுத்திருந்தார். நான் சமன் செய்தேன். இரண்டாயிரம் பொங்கலில் குடம் என் வீட்டுக்கு வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. குடத்தை நடுவீட்டில் வைத்து அதைப் பார்த்துக்கொண்டே மூன்று வேளை சாப்பிட்டேன். தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன்.

தோற்ற பிறகுதான் செல்வத்துக்கு ஆபரேஷன் ஞாபகமே வந்தது. "கண்ணை சரி பண்ணிக்கினு வந்து உன்னைக் கவனிச்சுக்கறேன் மாமு" என்றான் சிரித்துக்கொண்டே. நான் சொன்னேன், "புரை நல்லா முத்தணும் மாமு. பிஞ்சுல கை வச்சா வேரோட வராது." அந்தக் காலத்துப் பேச்சு அது, அவனும் நம்பினான். ஆனால் மாநகராட்சிப் பள்ளியில் நடந்த கண் முகாமில் உங்கள் டாக்டர், முத்தவும் வேண்டாம் கனியவும் வேண்டாம், இந்த மாதமே எடுத்துவிடலாம் என்று சொல்லி, இந்த ஆஸ்பத்திரிக்குச் சனிக்கிழமை பஸ்ஸில் வரச் சீட்டும் கொடுத்துவிட்டார்.

அங்கம்மா விடியற்காலையிலேயே காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, பதினோரு மணிவரை மார்க்கெட்டில் விற்கிறவள். அதனால் துணைக்கு நான் வந்தேன். செல்வத்துக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறவன். ஆபரேஷனுக்கு முன்னால் சர்க்கரை பார்ப்பார்கள், இருநூறுக்கு மேல் இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதை முகாமில் கொடுத்த நோட்டீஸில் படித்திருந்தேன். நான் எதையும் முழுசாகப் படிக்கிறவன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போனேன். நெய் சொட்டச் சொட்டச் சர்க்கரைப் பொங்கல் இரண்டு தொன்னை வாங்கினேன். ஒன்றை அன்றைக்கே கொடுத்தேன், இன்னொன்றைச் சனிக்கிழமை காலை பஸ் ஏறும் முன்னால். வேறு இனிப்பு என்றால் அவன் யோசித்திருப்பான். பிரசாதத்தை எந்த மனிதன் வேண்டாம் என்பான்? "சாப்டு மாமு. சாமி பிரசாதம். வேணாம்னு சொல்லக் கூடாது" என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காக வேண்டிக்கினியாடா?" என்று கேட்டுக்கொண்டே தொன்னையை வழித்து வழித்துச் சாப்பிட்டான்.

முந்நூற்றுப் பத்து. திருப்பி அனுப்பினார்கள். ஏப்ரலில் இருநூற்றெழுபது. ஜூனில் மறுபடி முந்நூறு. வேண்டிக்கொள்வதை நான் நிறுத்தவே இல்லை.

ஜூனில் அங்கம்மாவும் வியாபாரத்தை விட்டுவிட்டுக் கூட வந்திருந்தாள். அப்போது உங்கள் இடத்தில் இருந்த சிஸ்டர் அவளை உட்கார வைத்து, என்ன கொடுத்தாய் என்று விசாரித்தார். "ஒண்ணுமில்ல சிஸ்டர், கோயில் பிரசாதம்தான் சாப்ட்டாரு" என்றாள் அவள். சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "சாமி பிரசாதமா இருந்தாலும் சக்கரை சக்கரைதாம்மா. டெஸ்ட்டுக்கு முன்னாடி இதைக் குடுத்தா ஏறத்தான் செய்யும். நாங்க திருப்பி அனுப்பத்தான் செய்வோம். இன்னொரு தடவை குடுக்காதே" என்று கையைப் பிடித்துச் சொன்னார். "அய்ய, இது தெரியாம பூட்ச்சே எனக்கு" என்று அங்கம்மா வாயில் அடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற நானும் வாயில் அடித்துக்கொண்டேன்.

செப்டம்பரில் என் மகளுக்குப் பிரசவம், ஓசூருக்குப் போக வேண்டியதாகிவிட்டது. நான் இல்லாத அந்தப் பத்து நாளில் அங்கம்மா அவனுக்குக் கேழ்வரகுக் கூழாகவே ஊற்றி, அவளே இங்கே கூட்டிவந்து, வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடித்துவிட்டாள். பேரன் பிறந்த சந்தோஷத்தோடு ஊர் திரும்பினால், கட்டு அவிழ்த்துக் கறுப்புக் கண்ணாடியோடு செல்வம் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"டேய் மாமு, உன் மூஞ்சியில இத்தினி சுருக்கமா? ஒரு வார்த்தை சொல்லவே இல்லியே. நான் பாட்டுக்கு நீ வாலிபன்னு நெனச்சுக்கினு கீறேன்."

வயிறு குலுங்கச் சிரித்தோம். அவனுக்குப் பார்வை வந்ததில் எனக்கு நிஜமாகவே மகிழ்ச்சி, ஒரு பத்து நிமிஷம். பிறகு அவன் எழுந்து மன்றத்து வாசல்வரை மெதுவாக நடந்தான். உள்ளே யாரோ இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். வாசற்படியிலிருந்து போர்டு எட்டடி தூரம் இருக்கும். "அந்த மூலையில கருப்பு கீது பாரு, லேசா கட் பண்ணா உள்ள பூடும்" என்றான். ஆடினவன் லேசாகக் கட் பண்ணினான். காய் உள்ளே போய்விட்டது. செல்வம் திரும்பி என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

இனி சொட்டு மருந்து விஷயம். நீங்கள் இரண்டு புட்டி கொடுத்தனுப்பியிருந்தீர்கள். ஒன்று தீர்ந்ததும் இன்னொன்று. படிக்கத் தெரியாதவர்களுக்காக மருந்துப் புட்டியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பீர்கள், அங்கம்மாவுக்கும் அப்படித்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் போட வேண்டும். காலை முழுவதும் அவள் மார்க்கெட்டில் இருப்பாளே, அதனால் காலைப் பொழுது என் பொறுப்பு, மத்தியானத்துக்கு மேல் அவள் பொறுப்பு. புட்டிகளும் என் வீட்டில்தான் இருந்தன, கோழி தட்டிவிடும் என்று அவளே கொடுத்து வைத்திருந்தாள்.

முதல் புட்டியில் இருந்ததைக் கீழே ஊற்றிவிட்டு, போரிக் பவுடரைக் கரைத்து நிரப்பினேன். கேரம் போர்டில் காய் வழுக்கிக்கொண்டு ஓடத் தூவுகிறோமே, அந்தப் பவுடர். அதைப் பற்றித் தப்பாக நினைக்காதீர்கள். என் சின்ன வயதில் கண் வலி வந்தால் போரிக் பவுடரைத் தண்ணீரில் போட்டுத்தான் எல்லா வீட்டிலும் கழுவுவார்கள். ஆக, நான் போட்டதும் ஒரு மருந்துதான். எங்கள் தெரு அடிபம்புத் தண்ணீர் கொஞ்சம் மஞ்சளாக வரும், அதில் கொஞ்சம் வாடையும் இருக்கும். காய்ச்சத் தோன்றவில்லை. கண் அவிந்து போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆறுவது தாமதமாகி, பொங்கல் வரைக்கும் கொஞ்சம் மங்கலாக இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு அவன் ஆயுசு முழுக்க நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டுமே, எனக்கென்ன.

ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, அவனை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, இமையை மெதுவாக இழுத்து, நோட்டீஸில் போட்டிருந்தபடி ஒரே ஒரு சொட்டு. அவனும் சமர்த்தாகப் படுத்திருப்பான். "உன் கை பஞ்சு மாதிரி கீது மாமு" என்பான். மத்தியானத்துக்கு மேல் அதே புட்டியை அங்கம்மா வாங்கிக்கொண்டு போய்ப் போடுவாள். சொட்டு காய்ந்து இமையோரத்தில் வெள்ளைப் பொடியாக நிற்பதையும் அவளே துடைத்துவிடுவாள்.

நான் போட ஆரம்பித்த நான்காம் நாள் கண் சிவந்தது. ஐந்தாம் நாள் இமை வீங்கி, வலி தாங்காமல் சுவரில் முட்டிக்கொண்டான். "ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம் வரதண்ணா, எனக்கு பேஜாரா கீது" என்று அங்கம்மா அழுதாள். "ஆபரேஷன் பண்ண கண்ணு அப்படித்தான்மா இருக்கும். எங்க அத்தைக்கும் இப்படித்தான் வீங்கி அப்புறம் வடிஞ்சுது. ரெண்டு நாள் பொறு" என்றேன். எனக்கு அத்தையே கிடையாது. ரெண்டு நாள் பொறுத்தார்கள். ஏழாம் நாள் இங்கே கொண்டுவந்தோம்.

உங்கள் டாக்டர்கள்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒன்பது நாள் போராடினார்கள். சீழ் உள்ளே இறங்கிவிட்டது, கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. அன்று ஒரே பஸ்ஸில் வந்து ஆபரேஷன் செய்துகொண்ட மற்றப் பத்துப் பேருக்கும் கண் பளிச்சென்று இருந்தது. அதனால் வீட்டில் என்ன நடந்தது என்று பெரிய டாக்டர் கேட்டார். மருந்து யார் போட்டது என்றார்.

"இவங்கதான் சார். மார்க்கெட்டிலேர்ந்து வந்ததும் போடுவாங்க" என்றேன். அது பொய் இல்லையே. மத்தியானத்துக்கு மேல் அவள் போட்டது உண்மைதானே.

டாக்டர் அங்கம்மாவின் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நகக்கண்ணில் மீன் செதில் இருந்தது. அவர் ஒன்றும் திட்டவில்லை, பெருமூச்சு விட்டு ஃபைலில் எழுதினார். நீங்கள் இன்று காலை படித்தது அந்த வரியைத்தான். ஓரமாக உட்கார்ந்திருந்த செல்வம், "வுடு அங்கம்மா. உனுக்கு இன்னா தெரியும்" என்று மட்டும் சொன்னான்.

அன்றிலிருந்து அங்கம்மா மீனைத் தொடவில்லை. கூடையை வீசிவிட்டுக் கீரை விற்கப் போனாள். தெருவில் போகும்போதும் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே நடப்பாள். கல்லுப்பையும் எலுமிச்சைத் தோலையும் வைத்துத் தேய்த்துத் தேய்த்து விரலெல்லாம் உரிந்துபோயிற்று. செல்வத்தின் முகத்தை அதற்கு அப்புறம் அவள் தொட்டதே இல்லை என்று அவனே என்னிடம் சொல்லி வருத்தப்பட்டான். ஐந்து வருஷம் சிஸ்டர். எத்தனையோ தடவை நான் அவளை உட்கார வைத்து ஆறுதல் சொல்லியிருக்கிறேன். "போனது போச்சு அங்கம்மா. நீ வேணும்னா செஞ்சே? உன்னை யாரும் குத்தம் சொல்லலை. நானே சொல்லலை" என்பேன். அவள் என் காலில் விழாத குறையாக அழுவாள். அந்தக் குடும்பத்துக்கு நான் எவ்வளவு ஒத்தாசை என்று குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள்.

செல்வம் இடது கண்ணுக்கு ஆபரேஷனே வேண்டாம் என்றுவிட்டான். அந்தக் கண்ணிலும் புரை மூடிவிட்டது. தினமும் சாயங்காலம் நான்தான் அவன் கையைப் பிடித்து மன்றத்துக்குக் கூட்டிப் போவேன். சுண்டும்போது நான் தட்டிக் காட்டுவேன். இரண்டாயிரத்து நாலு வரை வரிசையாக ஐந்து குடம் வாங்கினேன். போன பொங்கலுக்குச் சுனாமியால் போட்டி இல்லை. இந்தப் பொங்கலுக்கு மறுபடி வைக்கிறார்கள்.

ஆனால் இப்போது எனக்கும் பல்பைச் சுற்றி வானவில் வந்துவிட்டது. ரெட் இரண்டாகத் தெரிகிறது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற திலீப் என்று ஒருவன் புதிதாக வந்து நன்றாக ஆடுகிறான். எனக்கு அவன்தான் தட்டிக் காட்டுகிறான். ஒரு விரற்கடை தள்ளித் தட்டுகிறானோ என்று எனக்குச் சந்தேகம். இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடிவதில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வீட்டைச் சுத்தம் செய்ய அங்கம்மா வந்தாள். நான் ஸ்ட்ரைக்கருக்குச் சந்தனப் பொட்டு வைத்துப் பூஜை செய்கிறவன், அதனால் கேரம் சாமான் எல்லாவற்றையும் துடைத்து வைக்கச் சொன்னேன். பவுடர் டப்பாவைத் திறந்தவள் உள்ளே இருந்து ஒரு புட்டியை எடுத்தாள். செல்வத்தின் இரண்டாவது புட்டி. மூடி உடைக்காதது, பச்சை ஸ்டிக்கர் அப்படியே, உள்ளே மருந்து துளி மஞ்சள் இல்லாமல் தெளிவாக இருந்தது. ஸ்டோர் கீப்பர் புத்தி, எதையும் தூக்கிப்போட எனக்கு மனசு வராது. அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு விரலை டப்பாவுக்குள் விட்டு, பவுடரைத் தொட்டுத் தேய்த்து மோந்து பார்த்தாள்.

"இது இன்னாது வரதண்ணா?"

"ஏதோ பழைய மருந்துமா. எங்கேயோ கிடந்தது."

"சரிண்ணா" என்றாள். மிச்ச வேலையையும் சுத்தமாக முடித்துவிட்டுத்தான் போனாள். பிறகு பார்த்தால் புட்டி டப்பாவில் இல்லை, குப்பையோடு போயிருக்கும். படிக்கத் தெரியாதவளுக்கு எந்தப் புட்டியும் ஒன்றுதான்.

பூஜை செய்த பலனோ என்னவோ, அன்றிலிருந்து அந்த வீட்டுக்கே களை வந்துவிட்டது. அன்று சாயங்காலம் நான் போனபோது இரண்டு பேரும் வாசலில் கடலைப் பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். அங்கம்மாவின் இரண்டு கையும் செல்வத்தின் கன்னத்தில் இருந்தன. அவன் அழுதுகொண்டிருந்தான், சிரித்துக்கொண்டும் இருந்தான். என்னைக் கண்டதும் கையை எடுத்துக்கொண்டாள். மறுநாள் கீரைக் கூடையை ஓரம் கட்டிவிட்டு விடியற்காலையிலேயே காசிமேட்டுக்குக் கிளம்பிவிட்டாள். கையை முந்தானைக்குள் மறைப்பதும் நின்றுவிட்டது. ஐந்து வருஷத்துக்கு அப்புறம் எனக்கு அவள் கையால் வஞ்சிரக் குழம்பு கிடைத்தது.

ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னதே அவள்தான். "இத்தினி மங்கலா கீதே வரதண்ணா, இன்னாத்துக்கு வச்சுக்கினு கஷ்டப்படறே? போய் எடுத்துடு. மருந்து போட நான் இல்ல?" என்றாள். அவள் மனசைப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் நான் இங்கே வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் எனக்காக வேண்டிக்கொண்டு பிரசாதம் வாங்கி வருகிறாள். நேற்றும் அப்படித்தான், இருப்பதிலேயே பெரிய தொன்னையாகப் பார்த்து வாங்கி வந்தாள். அதுதான் சிஸ்டர் உங்கள் இருநூற்று எண்பத்தாறு. வேறு நோய் ஒன்றும் இல்லை. பிரசாதம் சாப்பிட்டால் எவ்வளவு ஏறும், எத்தனை நாளில் இறங்கும் என்பது எனக்கு அத்துப்படி. செவ்வாய்க்கிழமைக்குள் நூற்றைம்பதில் வந்து நிற்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரசாதம் கொடுக்கக் கூடாது என்று அந்தப் பழைய சிஸ்டர் கையைப் பிடித்துச் சொன்னதை அங்கம்மா மறந்திருப்பாள், பாவம். வயசாகிறது.

இன்று காலை நான்கூடக் கொஞ்சம் தயங்கினேன், டெஸ்ட் இருக்கிறதே என்று. செல்வம் என் தோளில் கை போட்டுக்கொண்டு, "சாப்டு மாமு. சாமி பிரசாதம். வேணாம்னு சொல்லக் கூடாது" என்றான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் அவனுக்குச் சொன்ன அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறவில்லை. இத்தனை நாள் மனசில் வைத்திருந்திருக்கிறான். நன்றி மறக்காத மனுஷன். அவன் சொன்ன பிறகு நான் தொன்னையை வழித்து வழித்துச் சாப்பிட்டேன்.

ஆகவே இந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டு செவ்வாய்க்கிழமையே எனக்கு ஆபரேஷன் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பழைய ஃபைலில் எழுதியிருப்பதையும் அடித்துவிடுங்கள். அங்கம்மாவின் கையில் ஒரு குற்றமும் இல்லை. செல்வத்தின் கண்ணைப் பறித்தது என் கை. சோப்புப் போட்டுக் கழுவின, மீன் வாடையே இல்லாத என் கை. நடந்தது நடந்துவிட்டது, இதை அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். ஏன் வீணாக அந்த நல்ல ஜனங்களின் மனசைக் கலைக்க வேண்டும்?

துணைக்கு இருப்பவர் என்ற இடத்தில் அங்கம்மா, கணவர் பெயர் செல்வம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்திருக்கிறாள். ஆபரேஷன் முடிந்ததும் சொட்டு மருந்துப் புட்டி இரண்டையும் என் கையில் தர வேண்டாமாம், நேராக அவள் கையிலேயே கொடுத்துவிட வேண்டுமாம். எத்தனை அக்கறை, பாருங்கள்.